தூக்காத கையை முயல் நம்பும்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று இந்தக் கடலோரத்து ஊர்களில் வீட்டுப் பிராணி என்றால் முதலில் பூனைதான். மீன் கழுவும் நேரம் பார்த்துக் குசினி வாசலில் வந்து நிற்கும். விறாந்தையில் உம்மா கால் நீட்டி உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொள்ளும். பிள்ளைகள் வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கித் தோளில் போட்டாலும் பேசாமல் கிடக்கும். இப்படிப் பூனையோடு பழகிய கைதான் பிறகு முயலிடம் போகிறது. வெள்ளை முயற்குட்டி ஒன்று வந்து சேர்ந்த வீட்டில் முதல் நாளே அது கைக்குக் கை மாறுகிறது. ராத்தா தூக்கி முடித்தால் தம்பி, தம்பி முடித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை. மூன்றாம் நாள் கூட்டின் கதவு அசைந்தாலே குட்டி மூலைக்குள் ஒடுங்குகிறது. இரண்டு கிழமைக்குள் நெருங்கும் கையைப் பிறாண்டுகிறது, அல்லது பின்னங்காலால் உதைத்துக்கொண்டு துள்ளி விழுகிறது. பாசமில்லாத சாதி என்று வீட்டார் முடிவு கட்டிவிட, கூடு வளவின் பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. இந்த முடிவு பிழை. முயலுக்கு நெருக்கமும் தெரியும், நம்பிக்கையும் தெரியும். தூக்கப்படுவதை அன்பாக எடுத்துக்கொள்ளத்தான் அதற்குத் தெரியாது; அதன் உடம்பிலும் பிறப்பிலும் அப்படியொரு பாடம் இல்லை.

தூக்குவதை அன்பு என்று நாம் நினைப்பதற்குக் காரணம், நாம் சுமந்து வளர்க்கப்படும் இனம் என்பதுதான். பிறந்த நாள் முதல் நடை பழகும் வரை மனிதக் குழந்தை தாயின் இடுப்பிலும் தோளிலும்தான் வாழ்கிறது. மடியில் வைத்து எவ்வளவு தட்டிக் கொடுத்தாலும் அடங்காத பிள்ளை, எழும்பித் தோளில் போட்டு நாலு எட்டு நடந்ததும் அடங்கிவிடுவதைப் பிள்ளை வளர்த்த எல்லோரும் கண்டிருப்பார்கள். யப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோதாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013இல் இதை அளந்தே காட்டினார்கள். தாய் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் குழந்தையின் அழுகை குறைந்தது, கைகால் அசைவு நின்றது, இதயத் துடிப்பும் இறங்கியது. தாய் உட்கார்ந்தபடி வைத்திருந்தபோது அந்த அளவுக்கு இறங்கவில்லை. சுண்டெலிக் குட்டிகளைப் பிடரியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தபோது அவையும் அப்படியே அடங்கின. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு அலுமாரி மேலிருந்து கட்டிலுக்குக் கீழே இடம் மாற்றும்போது குட்டி துணிபோல் தொங்குவதும் இதே வகைதான். துள்ளுகிற குட்டி தாயின் வாயிலிருந்து நழுவி விழுந்துவிடும். ஆகவே தூக்கினால் அடங்கிக் கிடப்பது இந்த இனங்களுக்கு உயிர் காக்கும் பழக்கம். பூனையைத் தோளில் போடும்போது நாம் அறியாமலே அதன் தாயின் வேலையைச் செய்கிறோம். பூனையின் உடம்புக்கு அந்தப் பிடி பழைய பழக்கம்.

முயலின் தாயோ குட்டியைத் தூக்குவதே இல்லை. குட்டி போடும் முன் அது புல்லைச் சேர்த்து, தன் வயிற்று மயிரையே பிடுங்கிப் போட்டு மெத்தை செய்கிறது. குட்டிகள் மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கின்றன. கண் திறக்கப் பத்து நாள் வரை ஆகும். இவ்வளவு இயலாத குட்டிகளை விட்டுவிட்டுத் தாய் விலகிப் போய்விடுகிறது. 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து, மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டு மறுபடி போய்விடும். காட்டில் வாழும் தாய் போகும்போது வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டும் போகும். அடிக்கடி வந்து போனால் அதன் வாடையைப் பிடித்துக்கொண்டு நரி வந்துவிடும் என்பதே இந்த விலகலுக்கு உயிரியலாளர் சொல்லும் காரணம். அந்தச் சில நிமிடத்துக்குள் குட்டி தன் எடையில் கால்பங்கு அளவுக்குக்கூடப் பால் குடித்துவிடும். பாலிலும் கொழுப்பு பசும்பாலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கண் தெரியாத குட்டி முலைக்காம்பை மணத்தைக் கொண்டு கண்டுபிடிக்கிறது. பிரான்சின் டிஜோன் நகரில் பெனுவா ஷாலும் அவர் குழுவினரும் 2003இல் தாய்முயலின் பாலிலிருந்து அந்த மணத்துக்குரிய ஒரேயொரு சேர்மத்தை இனங்கண்டார்கள். அதைக் கண்ணாடிக் குச்சியில் தடவி நீட்டினாலே குட்டிகள் தலையை ஆட்டிக் காம்பைத் தேடிக் கவ்வ வந்தன. முயல் குட்டி போட்ட வளவுகளில் யாரும் பார்க்கக்கூடிய ஒன்றும் உண்டு: மெத்தையிலிருந்து ஒரு குட்டி தவறி வெளியே விழுந்துவிட்டால் தாய் அதைக் கவ்வி உள்ளே வைக்காது. அருகிலேயே குட்டி குளிரில் விறைத்தாலும் வைக்காது. மனிதக் கைதான் எடுத்து வைக்க வேண்டும். ஆக, பிறந்தது முதல் வளர்ந்து முடியும் வரை ஒரு முயலின் நாலு காலும் தரையை விட்டு மேலே போவது, அது தானாகத் துள்ளுவதைத் தவிர்த்தால், ஒரே சந்தர்ப்பத்தில்தான். கொன்று தின்ன வந்த ஒன்று அதைக் கவ்வித் தூக்கும்போது.

உடலமைப்பும் இதற்கேற்றபடிதான் இருக்கிறது. முயலின் கண்கள் தலையின் இரு பக்கமும் உயரத்தில் அமைந்தவை. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய முழு வட்டத்தையும், தலைக்கு மேலேயும் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும் நாடிக்குக் கீழும் உள்ள சிறு இடம்தான் அதற்குத் தெரியாது. மீன் இறங்கும் கரையில் வட்டமிடும் செம்பருந்து வளவுக் கோழியின் குஞ்சை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு, மேலிருந்து இறங்கும் நிழல் ஒரு சிறு விலங்குக்கு என்ன சொல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நின்றபடி குனிந்து முதுகுக்கு மேலாகக் கையை இறக்குபவர் முயலின் கண்ணுக்கு அந்தப் பருந்துதான். எலும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனையின் எடையில் எலும்புக்கூட்டின் பங்கு 12 அல்லது 13 சதவீதம்; முயலில் 7 அல்லது 8 சதவீதம். 2 கிலோ முயலின் எலும்பு முழுவதையும் சேர்த்தாலும் 160 கிராமுக்கு மேல் தேறாது. பின்னங்கால் தசையோ மிகப் பலமானது. பின்பகுதிக்குத் தாங்கல் இல்லாமல் தொங்கும் முயல் வலுவாக உதைத்தால் அந்த உதையின் விசையிலேயே அதன் இடுப்பு முள்ளெலும்பு முறிந்துபோகும். கீழே விழ வேண்டும் என்றில்லை, கையில் இருக்கும்போதே முறியும். பின்னங்கால் இரண்டும் செயலிழந்து, சிறுநீரையும் அடக்கவோ கழிக்கவோ முடியாமல் கிடக்கும் முயலுக்குப் பெரும்பாலும் மீட்சி இல்லை. காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. முயலின் காது இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய உறுப்பு. வியர்க்காத அந்த விலங்கு உடல் சூட்டை வெளியேற்றுவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். முழு எடையையும் அதில் தொங்கவிடுவது கொடுமை. எந்த வீட்டிலும், எந்தப் பிள்ளையையும் அதைச் செய்ய விடக் கூடாது.

தங்கள் முயல் தூக்கினால் பேசாமல்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. கையில் உண்மையிலேயே அமைதியாக இருக்கும் முயல்களும் இருக்கின்றன; அதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அசையாமல் இருப்பது வேறு, அமைதியாக இருப்பது வேறு. இரையாகும் விலங்கு ஆபத்தைக் கண்டதும் முதலில் உறைந்துபோகும், பிறகு ஓடும், பிடிபட்டால் உதைத்துப் போராடும். எதுவும் பலிக்காவிட்டால் செத்ததுபோல் கிடக்கும். பிடித்த மிருகத்தின் பிடி ஒரு கணம் தளர்ந்தால் தப்பிவிடலாம் அல்லவா? மல்லாக்கப் படுக்கவைத்த முயல் கண் திறந்தபடி விறைத்துக் கிடப்பது இந்தக் கடைசி நிலைதான். முயலை மயக்குவது என்று சிலர் இதை விளையாட்டாகச் செய்கிறார்கள். நகம் வெட்ட இதையே வழியாகக் கொள்பவர்களும் உண்டு. பிரித்தானிய ஆய்வாளர் ஆன் மெக்பிரைடும் அவர் குழுவினரும் 2006இல் இந்த நிலையில் இருக்கும் முயல்களின் இதயத் துடிப்பு, மூச்சு, இரத்தத்தில் உள்ள மன அழுத்த ஹோர்மோன் ஆகியவற்றைப் பார்த்து, எழுப்பிவிட்ட பின் அவை எப்படி நடந்துகொண்டன என்பதையும் கவனித்தார்கள். எல்லாம் சேர்ந்து காட்டியது ஓய்வை அன்று, அச்சத்தை. எனவே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்காமல், கையில் இருக்கும் முயலை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். கண் பிதுங்கி வெள்ளை தெரிந்தால், காது முதுகோடு ஒட்டியிருந்தால், உடம்பு கல்லாக இறுகி மூச்சு மட்டும் வேகமாக ஓடினால், அந்த முயல் உங்களிடம் அடைக்கலமாக இல்லை. அது முடிவுக்காகக் காத்திருக்கிறது.

தினமும் தூக்கினால் பழகிவிடும் என்பது இதைவிட வலுவான வாதம். பழக்கத்தால் பயம் தெளியும் என்பது பொதுவாக உண்மைதான். இங்கே அது ஏன் பொருந்தவில்லை என்பதை முயலின் கற்கும் திறனைக் கொண்டே விளக்கலாம். 1962இல் அமெரிக்க உளவியலாளர் இசிடோர் கோர்மெசானோவும் அவர் குழுவினரும் வெள்ளை முயல்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முதலில் ஓர் ஒலி. உடனே அடுத்து கண்ணில் ஒரு சிறு காற்று வீச்சு. காற்றுப் பட்டதும் முயலின் மூன்றாம் இமை மூடும். பல முறை இப்படி நடந்த பின், காற்று வரும் முன்பே, ஒலி கேட்டதுமே இமை மூடத் தொடங்கியது. காற்றை நிறுத்தி ஒலியை மட்டும் கொடுத்து வந்தபோது அந்தப் பழக்கம் மெல்ல மறைந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஒன்றையொன்று தொடர்ந்து வருவதை மூளை எப்படிக் கற்கிறது என்று ஆராய்ந்தவர்கள் நாடிய விலங்குகளில் முக்கியமானது முயல். அந்த நினைவுக்குச் சிறுமூளை எவ்வளவு அவசியம் என்பதை 1980களில் ரிச்சர்ட் தொம்சன் காட்டியதும் முயல்களிலேயே. வீட்டில் நடப்பதும் இதே சோதனைதான். கை வருவது ஒலி, தூக்கப்படுவது காற்று. தினமும் தூக்குபவர் தினமும் அந்த இணைப்பை இறுக்குகிறார். முயல் பழகுகிறது, ஆனால் கையைக் கண்டதும் ஓடப் பழகுகிறது. பயம் சிறிதாக இருக்கும்போதுதான் திரும்பத் திரும்ப நேர்வதால் அது தேயும். உயிர்ப்பயம் அப்படித் தேயாது, கூர்மையாகும். இந்த ஆய்வுகளில் இன்னொரு முடிவையும் முயல் வளர்ப்போர் மனதில் வைக்க வேண்டும்: மறைந்துபோன பழக்கத்தைத் திரும்ப உண்டாக்க முதல் தடவை அளவுக்கு முயற்சி தேவையில்லை, சில முறையே போதும். ஒரு மாதமாகத் தேடிய நம்பிக்கை, விருந்தாளியின் பிள்ளை ஒரு தடவை துரத்திப் பிடித்துத் தூக்கினால் போய்விடுவது இதனால்தான்.

அப்படியானால் கை என்பது வேறெதற்கோ முன்னறிவிப்பாக மாற வேண்டும். இதற்கு நேரம் பார்க்க வேண்டும். விடியற்காலையும் அந்திக் கருக்கலுமே முயல் உற்சாகமாக நடமாடும் பொழுதுகள். நடுப்பகலில் அது உறங்கும். சுபஹுக்கு எழும்பும் வீடுகளுக்கு இது நல்ல வாய்ப்பு. தெருவில் மோட்டார் சைக்கிள் ஓடத் தொடங்கும் முன், விறாந்தையின் சீமெந்துத் தரை இன்னும் குளிர்ந்திருக்கும்போது, கூட்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் தரையில் உட்கார்ந்தால் போதும். ஒரு மூலையில் சாக்கை விரித்து வைக்க வேண்டும். வழுவழுப்பான தரையில் முயலின் காலுக்குப் பிடிமானம் கிடைக்காது, பிடிமானம் இல்லாத முயல் எதையும் நம்பாது. ஒளிந்துகொள்ள இரு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப் பெட்டி ஒன்றும் வேண்டும். ஓட இடமிருக்கிறது என்று தெரிந்த முயல்தான் ஓடாமல் நிற்கும். முதல் சில நாள் எதுவும் செய்ய வேண்டாம். தஸ்பீஹ் ஓதலாம், தேநீர் குடிக்கலாம். முயலை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தன்னையே முறைத்துப் பார்ப்பது வேட்டை மிருகம் என்பது அதன் கணக்கு. அது வந்து காலை முகரும், சாரத்தின் விளிம்பை மெல்லக் கடித்துப் பார்க்கும், நாடியை உங்கள் முழங்காலில் தேய்த்துவிட்டுப் போகும். முயலின் நாடிக்குக் கீழே மணச் சுரப்பி இருக்கிறது. இது தன் இடம் என்று குறித்துவிட்டுப் போகிறது என்று அர்த்தம். இந்த நேரத்தில் கையை நீட்டித் தடவ எவருக்கும் ஆசை வரும். அந்த ஆசையை அடக்குவதுதான் இந்த முழு முயற்சியிலும் கடினமான பகுதி.

பிறகு கை. உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்து, அதில் கொத்தமல்லித் தழையோ, அறுகம்புல்லோ, நகத்தளவு வாழைப்பழத் துண்டோ வைத்துவிட்டு அசையாமல் இருக்க வேண்டும். முயல் கழுத்தை நீட்டி, பின்னங்காலைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை இழுத்து நீளமாக்கி வரும்; முன்பாதி ஆசையில் வருகிறது, பின்பாதி ஓடத் தயாராக நிற்கிறது. பல நாள் இப்படியே போகும். பின்னங்காலும் சேர்ந்து நடந்து வரும் நாள் ஒன்று வரும். அன்றைக்கும் தழையைத் தின்றுவிட்டுப் போக விட வேண்டும். தொடுவது அதற்குப் பிறகுதான். அதுவும் மூக்குக்கு முன்னாலோ நாடிக்குக் கீழோ கையைக் கொண்டுபோகாமல், கன்னத்துப் பக்கமாக வந்து, இரு கண்ணுக்கும் நடுவிலுள்ள நெற்றியை ஒரு விரலால் வருடலாம். முயல்கள் ஒன்றுக்கொன்று நக்கிக் கொடுப்பதும் அங்கேதான். மூன்று நான்கு தடவை வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முயல் தலையைத் தாழ்த்தித் தரையோடு வைத்தால், அல்லது மூக்கால் கையை முட்டினால், இன்னும் கேட்கிறது. விலகிப் போனால் போதும் என்கிறது. ஒவ்வொரு தடவையும் இப்படிக் கேட்டு, அதன் பதிலுக்குக் கட்டுப்படுவதுதான் நம்பிக்கையை உண்டாக்குகிறது; தழை அதற்கு ஒரு துணை. சில கிழமை போனதும், நெற்றியை வருடும்போது மெல்லிய கடகடப்பு ஒன்று விரலுக்குத் தெரியும். பற்களை இலேசாக உரசுகிற அதிர்வு அது. காதை அண்டிக் கேட்டால்தான் கேட்கும். அதே முயல் பற்களை உரக்க நெரித்து, கூனிக்கொண்டு மூலையில் இருந்தால் அது வலி. முன்னர் கிட்ட வந்த முயல் திடீரென்று தொட விடாமல் போனாலும் வலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கம்பி வலைத் தரையில் நிற்கும் முயலுக்குப் பாதத்தில் புண் வரும். கிழமைக்கு 2 மில்லிமீற்றர் அளவில் வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்கள் புல் போதாமல் தேயாது நீளும். நம்பிக்கை குறைந்துவிட்டது என்று வருந்துவதற்கு முன் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டிய காரியங்கள் இவை.

வீட்டு முயல் நூற்றாண்டுகளாக மனிதனோடு வாழ்கிறதே, இன்னுமா பயம் என்று கேட்கலாம். நம் பக்கத்துக் காட்டு முயல் வேறு இனம். மயிரோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறப்பது, 48 குரோமோசோம் உடையது. கூட்டில் வளர்க்கும் முயல் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்து வளை முயலின் வழி வந்தது, 44 குரோமோசோம் உடையது. மனிதனிடம் வந்தபின் இதன் பயம் குறைந்தது உண்மை. காட்டு முயல்களையும் வீட்டு முயல்களையும் ஒரே மாதிரிச் சூழலில் வளர்த்து மூளையைப் படமெடுத்த ஆய்வு ஒன்று சுவீடன் ஆய்வாளர்கள் தலைமையில் 2018இல் வெளியானது. பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதி வீட்டு முயலில் சிறுத்தும், அந்தப் பயத்தை அடக்கும் முன்மூளைப் பகுதி பெருத்தும் இருந்தன. ஆனால் 2014இல் வெளியான மரபணு ஆய்வு, பழகும் தன்மைக்கென்று ஒரே மரபணு இல்லை, பல மரபணுக்களில் சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்தே அது உண்டானது என்று காட்டியது. பயம் அடியோடு அழியவில்லை, அதன் அளவு இறங்கியிருக்கிறது. அருகில் மனிதர் இருப்பதைப் பொறுக்க அது போதும். தூக்கப்படும்போது எழும் உயிர்ப்பயத்தை அடக்க அது போதாது.

கையில் அமைதியாக இருக்கும் முயல்களின் இரகசியம் ஹங்கேரியிலிருந்து தெரியவந்தது. பீட்டர் பொங்ராட்ஸும் வில்மோஷ் ஆல்ட்பேக்கரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்த முதல் கிழமைக்குள் பால் குடிக்கும் நேரத்தை ஒட்டிக் கையிலெடுத்த குட்டிகள் வளர்ந்தபின் மனிதரை அஞ்சாமல் நெருங்கின. வேறு நேரங்களில் எடுத்தவற்றில் அந்தப் பலன் இல்லை. 2009இல் அதே குழுவினர், தொடக்கூட வேண்டாம், அந்த நேரத்தில் மனித வாடை பட்டாலே போதும் என்று கண்டார்கள். நாளைக்கு ஒரு தடவை தாய் வரும் அந்தச் சில நிமிடத்தைச் சுற்றியே குட்டியின் மூளை விழித்திருக்கிறது. அப்போது மூக்கில் ஏறிய மணம் நல்ல மணமாகப் பதிந்துவிடுகிறது. வளவில் முயல் வளர்த்துக் குட்டி விற்பவர்கள் இதைப் பெரிய காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. வீட்டாரோடு பழகிய தாய்முயல் அப்படி ஒதுக்குவது அரிது. தாய் பால் கொடுத்துவிட்டு விலகியதும், சவர்க்கார வாசம் இல்லாத சுத்தமான கையைக் குட்டிகளின் நடுவே சிறிது நேரம் வைத்திருப்பது, அந்தக் குட்டியை வாங்கப்போகும் பிள்ளைக்கும் குட்டிக்கும் செய்யும் பேருதவி. ஆறு கிழமை, எட்டுக் கிழமை ஆன குட்டியை வாங்கி வருபவருக்கு அந்தச் சாளரம் மூடிவிட்டது. அவருக்கு உள்ளது மேலே சொன்ன மெதுவான வழி மட்டும்.

தூக்கவே கூடாது என்றால் நகம் வெட்டுவது எப்படி, வைத்தியரிடம் கொண்டுபோவது எப்படி, மாரியில் வெள்ளம் வளவுக்குள் வந்தால் என்ன செய்வது? இது உண்மையான சிக்கல். தூக்கவே தேவைப்படாத முயல் கிடையாது. நான் சொல்வது தூக்குவதைக் கொஞ்சலிலிருந்து பிரிக்க வேண்டும் என்பதுதான். இடம் மாற்றுவதற்குப் பெரும்பாலும் தூக்க வேண்டியதே இல்லை. மூடியுள்ள பிரம்புக் கூடையையோ பிளாஸ்டிக் கூடையையோ படுக்கவைத்து, தினமும் மாலையில் தழையை அதற்குள் போட்டு வந்தால், சில கிழமைக்குள் கூடையைக் கண்டதும் முயல் தானாக உள்ளே போகும். ஐப்பசி, கார்த்திகைக்கு முன் இந்தப் பழக்கம் வந்திருந்தால் வெள்ள இரவில் இருட்டில் துரத்திப் பிடிக்க நேராது. தூக்கியே ஆக வேண்டிய வேளையில் நீங்கள் முழங்காலில் இருக்க வேண்டும், நின்றுகொண்டு குனியக் கூடாது. ஒரு கை முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பகுதி முழுவதையும் ஏந்தியபடி, உடனே உங்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். திமிறும் முயலைத் துவாயில் சுற்றி எடுக்கலாம். இறக்கும்போது நாலு காலும் தரையில் பட்ட பிறகே பிடியை விட வேண்டும். முடிந்ததும் தழை கொடுங்கள், சிறிது நேரம் தனியாக விடுங்கள். நம்பிக்கை முன்பே இருந்தால் மாதத்தில் ஓரிரு தடவை நடக்கும் இந்தச் சங்கடத்தை முயல் தாங்கிக்கொள்ளும்.

நம் கடலோரத்தின் சூடும் இதில் சேரும். 25 பாகை செல்சியசுக்கு மேல் முயல் சிரமப்படத் தொடங்கும். 30ஐத் தாண்டினால் ஆபத்து. தமிழ்நாட்டில் மத்திய அரசின் முயல் ஆராய்ச்சி நிலையம் கொடைக்கானல் மலையில், மன்னவனூரில் இருப்பது சும்மா இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் நேரம் மனித உடம்போடு அணைத்து வைத்திருப்பது முயலுக்கு அச்சத்தின் மேல் இன்னொரு சுமை. பயமும் சூடும் சேர்ந்தால் அதன் குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். அரை நாள் ஒன்றும் தின்னாமல், எச்சமும் போடாமல் இருக்கும் முயலை அவசர நோயாளியாகவே கருத வேண்டும்.

தொழும் வீட்டில் முயலைத் தரையில் விடலாமா என்ற தயக்கமும் நியாயமானதே. ஷாபிஈ மத்ஹபில் அதன் எச்சமும் சிறுநீரும் நஜீஸ். ஆனால் முயல் பெரும்பாலும் ஒரே மூலையில் கழிக்கும் பழக்கமுடையது. அந்த மூலையில் மண்தட்டோ வைக்கோல் தட்டோ வைத்தால் அங்கேயே போகும். தொழும் அறையின் கதவைச் சாத்திவிட்டு விறாந்தையில் விடுவது பெரிய சிரமம் இல்லை. முயல் ஹலாலான பிராணிதானே, அறுத்துச் சாப்பிடக்கூடிய ஒன்றுக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஹலால் என்பது அறுப்பதற்கான அனுமதி. உயிரோடு இருக்கும்போது அச்சத்தில் வைத்திருப்பதற்கான அனுமதி அதில் இல்லை. அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பறவை ஒன்று வளர்த்ததையும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் அதைப் பற்றி அன்போடு விசாரித்ததையும் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தச் சிறு நிகழ்ச்சி ஒன்றிலிருந்தே அறுபதுக்கு மேற்பட்ட பாடங்களை எடுத்து ஷாபிஈ அறிஞர் இப்னுல் காஸ் தனி நூல் எழுதினார். பிள்ளையின் வளர்ப்புப் பிராணியைப் பற்றிச் சிந்திப்பது நம் மரபில் சிறிய விடயமாக இருந்ததில்லை.

வீட்டில் முயல் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவசியம் நேர்ந்தாலன்றி இன்று முதல் ஒரு மாதம் அதைத் தூக்காதீர்கள். பிள்ளைகளையும் தூக்க விடாதீர்கள். முயலோடு இருக்க விரும்பும் பிள்ளை தரையில் உட்கார வேண்டும் என்பதை வீட்டின் சட்டமாக்குங்கள். மஃரிபுக்குப் பிறகு கூட்டின் கதவைத் திறந்து வைத்து, அறுகம்புல் ஒரு பிடியோடு பக்கத்தில் இருங்கள். ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ அது தானாக வந்து, உங்கள் மடியில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி எழும்பி நின்று, முகத்தை முகர்ந்து பார்க்கும். அப்போதும் தூக்கிவிடாதீர்கள்.